பெண்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள்: பெண்ணியம் தரும் விளக்கங்களில் எது நிற்கும், எது நிற்காது

பெண் ஒருத்தி குற்றம் செய்தால் அதற்கும் ஆணாதிக்கமே காரணம் என்று பெண்ணியவாதிகள் சொல்வது விளக்கமா, சாக்குப்போக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்களுக்குச் சுதந்திரம் கூடியதால்தான் பெண் குற்றவாளிகளும் கூடினார்கள் என்று அதே பெண்ணியத்தின் பெயரால் சொல்லப்படுகிறதே, இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாகும் என்பது உங்கள் அடுத்த ஐயம். இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. குற்றம் செய்த பெண்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள் என்பது ஒன்று. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவாகக் குற்றம் செய்கிறார்கள் என்பது இன்னொன்று. காரணத்தைச் சொல்லிவிட்டால் பொறுப்பு குறைந்துவிடுமா என்பது மூன்றாவது. ஒன்றுக்குச் சொன்ன விடையை மற்றொன்றுக்குப் பொருத்துவதால்தான் இந்த விவாதம் எப்போதும் குழம்புகிறது. நான் குற்றவியல் படித்துவிட்டு வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தவள்; சட்ட உதவிப் பணிக்காகப் பெண்கள் சிறைக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ஐயமின்றிச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடலாம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர். நூற்றுக்குச் சற்றேறக்குறைய நான்கு. உலக அளவில் அதே ஆண்டில் வெளியான கணக்கின்படி சிறையில் இருந்த பெண்களும் சிறுமிகளும் 7,40,000க்கு மேல். மொத்தக் கைதிகளில் அவர்கள் 6.9 விழுக்காடு. எந்த நாட்டை எடுத்தாலும், அநேகமாக எந்தக் காலத்தை எடுத்தாலும், குற்றப் பதிவேடுகளில் பெண்கள் சிறுபான்மையே. குற்றம் கடுமையாகக் கடுமையாக இந்த இடைவெளி விரிகிறது; கடைத் திருட்டு போன்ற சில்லறைக் குற்றங்களில் சுருங்குகிறது. குற்றவியலில் இவ்வளவு உறுதியாக நிற்கும் செய்திகள் மிகச் சிலவே. ஆனால் சிறைக் கணக்கு என்பது யார் குற்றம் செய்தார் என்பதன் கணக்கு மட்டும் அன்று. யாரைப் பிடித்தார்கள், யாருக்குப் பிணை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதன் கணக்கும் அதற்குள் இருக்கிறது. இதை மறந்துவிட்டு எண்களை வாசித்தால் தவறான முடிவுக்கே வருவோம்.

பெண்ணிய விளக்கங்கள் எதை எதிர்த்துப் பிறந்தன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றை மதிப்பிட முடியாது. 1893இல் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ பின்னாளில் தம் மருமகனான ஃபெரெரோவுடன் சேர்ந்து பெண் குற்றவாளிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிறையில் இருந்த பெண்களின் மண்டையோட்டை அளந்து, முடியையும் தாடையையும் ஆராய்ந்து, பெண் என்பவள் பரிணாமத்தில் ஆணுக்குப் பின்தங்கியவள், தாய்மையும் இறைபக்தியும் உடல் பலவீனமும் அவளை அடக்கி வைத்திருக்கின்றன, அவற்றையும் மீறிக் குற்றம் செய்பவள் ஆணைவிடக் கொடியவள் என்று அவர் முடிவு கட்டினார். 1950இல் அமெரிக்காவில் ஓட்டோ போலக் வேறொரு கோணத்தில் வந்தார். அவர் கணக்கில் பெண்களும் ஆண்களுக்கு இணையாகவே குற்றம் செய்கிறார்கள். ஆனால் சமையற்காரியாக, தாதியாக, வேலைக்காரியாக, மனைவியாக இருப்பதால் அவர்கள் செய்வது வெளியே தெரிவதில்லை, தெரிந்தாலும் காவலரும் நீதிபதியும் பெண்பிள்ளை என்று இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். மாதவிலக்கை மறைத்துப் பழகியதால் பெண்ணுக்கு வஞ்சகம் இயல்பாக வருகிறது என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது, இப்படி எழுதியவரையும் ஒரு தலைமுறை அறிஞராக மதித்தது என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. ஆணின் குற்றத்துக்கு வறுமை, நகரம், சேர்க்கை, வேலையின்மை என்று சமூகக் காரணங்களைத் தேடிய அதே துறை, பெண்ணின் குற்றத்துக்கு அவள் உடம்பையும் காமத்தையும் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை. 1968இல் பிரான்சிஸ் ஹைடன்சோன் பிரிட்டனில் எழுதிய கட்டுரையும், 1973இல் டோரி க்ளைன் அமெரிக்காவில் எழுதியதும், 1976இல் கேரல் ஸ்மார்ட் வெளியிட்ட நூலும் இந்த ஓரவஞ்சனையைத்தான் முதலில் உடைத்தன. ஆகவே, தொடக்கத்தில் பெண்ணியக் குற்றவியல் கோட்பாடாக அன்றி விமர்சனமாகவே இருந்தது. கோட்பாடுகள் பிறகு வந்தன. வந்தவை ஒன்றோடொன்று சண்டையிட்டன.

நீங்கள் கேள்விப்பட்ட "விடுதலையால் குற்றம் பெருகியது" என்ற வாதம் அமெரிக்கக் குற்றவியலாளர் ஃபிரீடா ஆட்லரின் 1975ஆம் ஆண்டு நூலிலிருந்து பரவியது. அமெரிக்காவில் 1960க்கும் 1972க்கும் இடையில் வழிப்பறிக்காகக் கைதான பெண்களின் எண்ணிக்கை 277 விழுக்காடு கூடியது, ஆண்களுக்கு அது 169 விழுக்காடே என்று அவர் காட்டினார். வேலையில், தெருவில், நடத்தையில் பெண்கள் ஆண்களைப் போல ஆகும்போது குற்றத்திலும் ஆவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதே ஆண்டில் ரீட்டா சைமன் இன்னும் நிதானமாக, பெண்கள் வேலைக்குப் போகப் போகக் கையாடல், மோசடி போன்றவற்றுக்கு வாய்ப்புக் கூடும், வன்முறை கூடாது என்றார். ஆட்லரின் எண்ணில் உள்ள ஓட்டை எளிது: பத்துப் பேர் முப்பது பேரானால் 200 விழுக்காடு உயர்வு, ஆயிரம் பேர் இரண்டாயிரம் ஆனால் 100 விழுக்காடுதான். டாரல் ஸ்டெஃபன்ஸ்மையர் போன்ற ஆய்வாளர்கள் கைதுக் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தபோது, பெண்கள் பங்கு கூடியது பெரும்பாலும் சில்லறைத் திருட்டிலும், செல்லாத காசோலை, உதவித்தொகை மோசடி போன்ற சிறு ஏமாற்றுகளிலும்தான் என்று தெரிந்தது. கைதான பெண்களோ விடுதலை பெற்ற நவநாகரிகப் பெண்கள் அல்லர். வேலையற்றவர்கள், படிப்பை விட்டவர்கள், தனியாகப் பிள்ளை வளர்த்தவர்கள். பெண்ணியக் குற்றவியலாளர்களில் பெரும்பாலோர் இந்த வாதத்தை அப்போதே கைவிட்டுவிட்டார்கள். பத்திரிகைகள்தான் விடவில்லை. நம்மூரில் ஒரு பெண் கொலை வழக்கில் சிக்கினால் அடுத்த நாளே அவள் கைப்பேசியையும் ஆடையையும் பற்றிக் கட்டுரை வருவதற்குப் பின்னால், ஆட்லரைப் படிக்காமலே ஆட்லரின் குரல்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான விளக்கம், பெண்களைக் குற்றத்துக்குத் தள்ளுவது இல்லாமைதான் என்பது. பாட் கார்லன் 1988இல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்ட 39 பெண்களின் வாழ்க்கையை விசாரித்து எழுதினார். உழைக்கும் வர்க்கப் பெண்ணுக்குச் சமூகம் இரண்டு ஒப்பந்தங்களைக் காட்டுகிறது என்பது அவர் சொன்னது: ஒழுங்காக வேலை செய்தால் கூலியும் அதனால் வாங்கக்கூடிய வாழ்வும் கிடைக்கும் என்பது ஒன்று, ஒழுங்காகக் குடும்பப் பெண்ணாக இருந்தால் கணவனின் பணமும் அன்பும் பாதுகாப்பும் கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டிலும் கைக்கு எதுவும் வராது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவளுக்குச் சட்டத்தை மதிப்பதால் இழப்பதற்கு அதிகம் இல்லை. இதை நான் புத்தகத்தில் படித்ததைவிடச் சிறையில் நன்றாகப் புரிந்துகொண்டேன். தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் குவார்ட்டர் பாட்டிலை வாங்கி வைத்துக் கூடுதல் விலைக்கு வீட்டிலேயே விற்பதும், சில இடங்களில் சாராயமே விற்பதும் மதுவிலக்கு வழக்குகளில் பெண்கள் சிக்கும் வழக்கமான பாதை. கணவன் குடித்தே செத்துப்போன ஒரு பெண், இட்லிக் கடை நடத்திக் கடனில் மூழ்கியவர், ஏன் இதற்கு வந்தீர்கள் என்று கேட்டபோது சொன்னார்: "இட்லி மீந்தா ஊசிப்போயிடும் வக்கீலம்மா, இது ஊசிப்போவாது." சரக்கைக் கடனுக்குக் கொடுத்தவன் பெயர் வழக்கில் இல்லை. வீட்டில் இருந்தபடியே, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, முதல் இல்லாமல் செய்யக்கூடிய தொழில் அது ஒன்றுதான் அவருக்கு அமைந்தது. பாலினம் இங்கே வறுமைக்கு மேல் பூசிய வண்ணம் அன்று; எந்த வகைக் குற்றம் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்பதையே அது தீர்மானித்தது.

மூன்றாவது விளக்கம்தான் இன்று மிகுந்த செல்வாக்குடன் இருப்பது; ஒரு பெண் குற்றத்துக்கு வந்து சேர்ந்த பாதையைப் பின்னோக்கித் தேடுவது அதன் முறை. அமெரிக்கக் குற்றவியலாளர் மீடா செஸ்னி-லிண்ட் 1989இல், வீட்டில் அடியும் பாலியல் கொடுமையும் தாங்காமல் ஓடிப்போகும் சிறுமிகளைச் சட்டம் குற்றவாளிகளாகப் பிடித்து மீண்டும் அதே வீட்டில் ஒப்படைக்கிறது, மறுபடி ஓடுபவள் தெருவில் பிழைக்கத் திருட்டையும் பாலியல் தொழிலையும் போதைப்பொருளையும் சார வேண்டியிருக்கிறது என்று காட்டினார். உயிர் பிழைக்கச் செய்த காரியமே குற்றமாக எழுதப்படுகிறது என்பது அவர் வாதத்தின் மையம். கேத்லீன் டேலி அமெரிக்காவின் நியூ ஹேவன் நீதிமன்றத்தில் 40 பெண்களின் வழக்குக் கோப்புகளை ஆழமாகப் படித்தார். தெருப்பாதை என்பது பல பாதைகளில் ஒன்று மட்டுமே என்றார். சிறு வயதில் காயப்பட்டுப் பிறகு பிறரைக் காயப்படுத்தியவர்கள், அடிக்கும் துணைவனைத் திருப்பித் தாக்கியவர்கள், காதலனோ உறவினரோ நடத்திய போதைப்பொருள் வியாபாரத்தில் இழுபட்டவர்கள், இவை எதிலும் அடங்காமல் வெறும் பணத்துக்காகச் செய்தவர்கள் என்று அவர் பிரித்தார். கடைசி வகையைப் பலர் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுவார்கள். அதையும் சேர்த்ததுதான் டேலியின் நேர்மைக்குச் சான்று என்பது என் எண்ணம். 1996இல் பெத் ரிச்சி, நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருந்த கறுப்பினப் பெண்களைச் சந்தித்து, வீட்டில் அடிக்கும் ஆணுக்கும் தெருவில் நிற்கும் இனவெறி பிடித்த காவலருக்கும் இடையில் மாட்டிக்கொண்ட பெண், துணைவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், அவன் சொன்னதைச் செய்யாமலிருக்கவும் முடியாமல் எப்படிக் குற்றத்துக்குள் சிக்கினாள் என்று எழுதினார்.

இந்த விளக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? சிறையில் இருக்கும் பெண்களில் பெரும் பகுதியினர் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொடுமைதான் குற்றத்தை உண்டாக்கியது என்று சொல்ல இது போதாது, ஏனென்றால் சிறையிலிருந்து பின்னோக்கிக் கேட்டால் கொடுமையை அனுபவித்தும் சிறைக்கு வராதவர்கள் நம் கண்ணில் படவே மாட்டார்கள். இதற்கு மாற்றாக முன்னோக்கிப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது கேத்தி ஸ்பாட்ஸ் விடம் 1989இல் வெளியிட்டது. சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவு உள்ள 908 பேரையும், அவர்களோடு வயதிலும் சமூகப் பொருளாதார நிலையிலும் ஒத்த 667 பேரையும் அவர் பின்தொடர்ந்தார். சிறார் பருவத்தில் கைதானவர்கள் முதல் குழுவில் 26 விழுக்காடு, மற்றதில் 17 விழுக்காடு. கொடுமை ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. நால்வரில் மூவர் அந்த வயதில் கைதாகவே இல்லை என்பதும் அதே அளவு உண்மை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளாவதில் சிறுமிகள் சிறுவர்களைவிட அதிகம். கொடுமைதான் குற்றத்தின் வேர் என்றால் பெண்களல்லவா அதிகக் குற்றம் செய்திருக்க வேண்டும்? ஆகவே பாதைகளைத் தேடும் விளக்கம் உங்கள் முதல் கேள்விக்கு, அதாவது இந்தப் பெண் எப்படி இங்கே வந்தாள் என்பதற்கு, நன்றாக விடை சொல்கிறது. பெண்கள் ஏன் குறைவு என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை.

அதற்கு விடை தேடியவர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள்: பெண்கள் ஏன் சட்டத்துக்கு அடங்கி நடக்கிறார்கள்? ஹைடன்சோன் 1985இல் எழுதிய நூலில், வீட்டுக்குள் வேலையும் பிள்ளையும் நேரத்தைத் தின்பதும், வெளியே இருட்டினால் பயமும் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சமும் நடமாட்டத்தைக் குறுக்குவதும், வேலையிடத்தில் மேலதிகாரம் எப்போதும் ஆணிடம் இருப்பதும் சேர்ந்து குற்றத்துக்கான வாய்ப்பையே சுருக்கிவிடுகின்றன என்றார். நம் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஜான் ஹேகனும் அவர் கூட்டாளிகளும் டொரண்டோவில் செய்த ஆய்வில், தாயும் தந்தையும் வேலையிடத்தில் சம அதிகாரம் உள்ள குடும்பங்களில் மகனும் மகளும் ஏறத்தாழ ஒரே அளவு துணிச்சலோடு வளர்கிறார்கள், தந்தைக்கே அதிகாரம் உள்ள குடும்பங்களில் மகள் மட்டும் அடக்கி வளர்க்கப்படுகிறாள் என்றார்கள். தாய் வேலைக்குப் போனால் மகள் கெட்டுப்போவாள் என்ற பழைய பாட்டையே இது புதிய ராகத்தில் பாடுகிறது என்று செஸ்னி-லிண்ட் சாடினார். பிள்ளைகளின் சில்லறைத் தவறுகளை அளந்து பெரியவர்களின் கடுங்குற்றங்களைப் பற்றிப் பேச முடியாது என்பதே அதைவிட வலுவான எதிர்ப்பு. பெண்ணியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஓர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த டெரி மாஃபிட் குழுவினர் 2001இல், சமூக விரோத நடத்தைக்கு ஆண்களையும் பெண்களையும் தள்ளும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே, சிறு வயதிலிருந்து தொடரும் கடுமையான வகையில்தான் ஆண்கள் மிகுதி, அதற்குக் குழந்தைப்பருவ நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடுகளும் ஒரு பங்கு வகிக்கின்றன என்றார்கள். பெண்களுக்கென்று முழுக்கத் தனியான காரணக் கோட்பாடு தேவை என்று வாதிடுபவர்கள் இதற்குத் திருப்தியான மறுமொழி சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அடக்குமுறை எவ்வளவு, உடற்கூறு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் காட்டும் நிலையில் இந்தத் துறை இன்னும் இல்லை.

பெண்ணிய விளக்கம் நீதிமன்றத்தில் உண்மையாகவே எதையாவது மாற்றியிருக்கிறதா என்று கேட்டால், வீட்டுக்குள் நடந்த கொலைகளைக் காட்டுவேன். கொலைக்கு ஆத்திரமூட்டல் ஒரு தணிப்புக் காரணம் என்பது பழைய சட்டம். ஆனால் அது "திடீர்" ஆத்திரமாக இருக்க வேண்டும். மதுக்கடையில் இரண்டு ஆண்கள் மோதிக்கொள்வதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. உடல் வலிமையில் குறைந்தவள் அடிபடும் கணத்தில் திருப்பி அடிப்பதில்லை. அவன் தூங்கும் வரை காத்திருக்கிறாள், அந்தக் காத்திருப்பே முன்திட்டம் என்று வாசிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் "திடீரென்று, தற்காலிகமாகத் தன்வசம் இழத்தல்" என்ற இலக்கணத்தை நீதிபதி டெவ்லின் வகுத்த 1949ஆம் ஆண்டு வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவளே கணவனிடம் அடிபட்டு அவனைக் கொன்ற பெண்தான். நாற்பதாண்டு கழித்து, பத்தாண்டுக் கொடுமைக்குப் பின் உறங்கிக்கொண்டிருந்த கணவன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்த கிரண்ஜித் ஆலுவாலியாவுக்கு அந்த இலக்கணப்படியே ஆயுள் தண்டனை கிடைத்தது. லண்டனின் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பின் போராட்டத்துக்குப் பின் 1992இல் மேல்முறையீட்டில் அது உடைந்து, மனநிலையைக் காரணம் காட்டிக் குற்றம் குறைக்கப்பட்டு அவர் விடுதலையானார். "திடீர்" என்ற நிபந்தனையை 2009ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நீக்கியது.

இதில் சென்னை உயர் நீதிமன்றம் முன்னால் போய்விட்டது என்பதை இங்குள்ள வழக்கறிஞர்களிலேயே பலர் அறியமாட்டார்கள். பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துப் பிள்ளைகள் இறந்து தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989இல், சட்டத்தில் எழுதப்படாத "நீடித்த ஆத்திரமூட்டல்" என்பதையும் ஏற்று, கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணம் விளைவித்தலாக அந்த நீதிமன்றம் குறைத்தது. இத்தகைய வழக்குகளுக்கு அது வைத்த பெயர் நல்லதங்காள் நோய்க்குறி. பஞ்சத்தில் பிறந்த வீட்டுக்கு வந்து, அண்ணி மூளி அலங்காரி கதவடைத்ததால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளை நாம் தெய்வமாக்கிக் கும்பிடுகிறோம். கதைப்பாடலில் மூத்த பிள்ளை ஓடுகிறான், கெஞ்சுகிறான், அவனையும் பிடித்துத்தான் தள்ளுகிறாள். அதே செயலைச் செய்து பிழைத்தவளுக்கு ஆயுள் தண்டனை தருகிறோம். நாட்டார் கதையை உவமையாகச் சொல்லிவிட்டுப் போகாமல் சட்ட வாதமாகவே எடுத்துக்கொண்ட அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் உவப்பானது. ஆனாலும் அதைத் தொடரும்போது ஒரு கூச்சம் எழுகிறது: தாயின் துயரம் எவ்வளவு பெரிதானாலும் செத்தவர்கள் பிள்ளைகள், அவர்களுக்கு அந்தத் தாயோடு எந்தப் பகையும் இல்லை. கணவனின் தடியையே பிடுங்கி அவனை அடித்துக் கொன்ற பெண்ணுக்கு 2013இல் குவஹாட்டி உயர் நீதிமன்றம் இதே கோட்டில் தண்டனையைக் குறைத்தபோது எனக்கு அந்தக் கூச்சம் எழவில்லை. கொல்ல வந்த கணவனை மலையிலிருந்து தள்ளிய குண்டலகேசியைத் தமிழ் மரபு எப்போதோ மன்னித்துவிட்டது.

பெண்ணியக் கோட்பாடுகளுக்கு உண்மையான சோதனை, பெண் பெண்ணுக்குச் செய்யும் குற்றம். இந்தியாவில் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருக்கும் பெண்களின் குற்றங்களில் கொலையோடு முன்வரிசையில் வருவது வரதட்சணை மரணம். அதில் பெரும்பாலோர் மாமியார்களும் நாத்தனார்களும். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலைகள் 1980களின் நடுவில் வெளியுலகுக்குத் தெரிந்தன. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. வழக்குப் பதிவானபோது கூண்டில் பெரும்பாலும் தாயும் பாட்டியுமே நின்றார்கள். இதற்குச் சமூகவியலாளர் டெனிஸ் கண்டியோட்டி 1988இல் எழுதிய கட்டுரை ஒரு வாசலைத் திறக்கிறது. புகுந்த வீட்டுக்கு வரும் இளம்பெண் எல்லாருக்கும் கீழே இருக்கிறாள். பொறுத்துக்கொண்டால் பிற்காலத்தில் மகன் வழியாக மருமகள்மேல் அதிகாரம் கிடைக்கும் என்பதே அவளுக்கு அந்த அமைப்பு தரும் விலை. அந்த விலையைப் பெறும் வயதில் அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. மாமியாரின் கொடுமை ஏன் வருகிறது என்பதை இது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதே வாசலைக் கடந்த எத்தனையோ மாமியார்கள் மருமகளைத் தொடுவதுகூட இல்லை. இவள் மட்டும் ஏன் மண்ணெண்ணெய் கேனை எடுத்தாள் என்பதற்கு இந்த விளக்கத்தில் பதில் கிடையாது. வரதட்சணையால் பயனடைந்த மாமனாரும் மகனும் வழக்கில் பின்னுக்கு நகர்ந்து, அடுப்படியில் இருந்தவள் முன்னுக்கு வருவதும் நான் கண்கூடாகப் பார்த்திருப்பது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண்ணை எப்போதும் பாதிக்கப்பட்டவளாகவே பார்ப்பதன் ஆபத்தை பெண்ணியவாதிகளே சுட்டிக்காட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோடி மில்லர் 1998இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வழிப்பறி செய்த பெண்களின் பேட்டிகளை ஆராய்ந்து எழுதியபோது, அவர்கள் சொன்ன காரணங்கள் ஆண்கள் சொன்னவையே: பணம், நகை, சாகசக் கிளர்ச்சி. செய்யும் விதத்தில்தான் பாலினம் தெரிந்தது. பெண்கள் பெரும்பாலும் பெண்களையே குறிவைத்தார்கள், துப்பாக்கியைக் குறைவாகவே எடுத்தார்கள். கறுப்பினப் பெண்ணியமும் நம் தலித் பெண்ணியமும் இன்னொரு பக்கத்திலிருந்து திருத்தின. "பெண்" என்று பொதுவாகப் பேசும்போது, குற்றப்பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் பேருந்தில் நகை காணாமல் போனால் முதலில் இழுத்துச் செல்லப்படும் குறவர் பெண்ணும், வங்கியில் கையாடல் செய்த அதிகாரியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். முன்னவளைப் பொறுத்தவரை, அவள் ஏன் குற்றம் செய்தாள் என்பதற்கு முன்பாக, அவள் செய்தாளா என்றுதான் கேட்க வேண்டும்.

இனி, சாக்கா விளக்கமா என்ற உங்கள் கேள்வி. காரணம் சொல்வது குற்றத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. ஆணின் குற்றத்துக்கு வறுமையைக் காரணம் காட்டிய நூற்றாண்டுக் குற்றவியலை யாரும் ஆண்களுக்கான சாக்கு என்று சொன்னதில்லை. குற்றம் செய்தாளா என்பதைச் சாட்சியம் தீர்மானிக்கிறது. எவ்வளவு தண்டனை, பிணை தரலாமா, வெளியே வந்தபின் என்ன என்பவற்றில்தான் இந்த விளக்கங்களுக்கு வேலை. பெண்களுக்குப் பிணை வழங்குவதில் சட்டமே சலுகை காட்டுகிறது. ஆனால் உத்தரவு வந்த பிறகும் இரண்டு ஜாமீன்தாரர்கள் கையெழுத்திட வேண்டும். ஆண் கைதிக்கு மனைவியோ தாயோ நகையை அடகு வைத்தாவது ஆளைத் தேடிக் கொண்டுவருவார்கள். பெண் கைதியை மனு போட்டுப் பார்க்கவே ஆள் வருவதில்லை. கணவன் வீட்டார் தலைமுழுகியிருப்பார்கள், பிறந்த வீட்டார் ஊருக்கு அஞ்சுவார்கள். பிணை கிடைத்தும் வெளியே போகாமல் வாய்தாவுக்கு வாய்தா வந்துபோகும் பெண்களையும் கைதிகளின் கணக்கிலேயே புள்ளிவிவரம் எண்ணிக்கொள்ளும்.

தண்டனை பற்றிக் குற்றவாளியைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. நடைமுறையில் அந்த விசாரணை பல நேரம் ஒரே வரியில் முடிகிறது: "எதிரி பெண், சிறு குழந்தைகள் உள்ளனர், கருணை காட்ட வேண்டும்." (நீதிமன்ற மொழியில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) அவள் முன்பு காவல் நிலையத்தில் கொடுத்துப் பதிவாகாத புகார்கள், அரசு மருத்துவமனையில் "வழுக்கி விழுந்தது" என்று எழுதிய காயச் சீட்டுகள், கந்துக்காரனின் நோட்டு, அவள் பெயரில் இல்லாத வீடு ஆகிய எதுவும் கோப்பில் இருக்காது. அவற்றைத் தேடி எடுத்து அந்த நாளில் முன்வைப்பது வழக்கறிஞரின் வேலை. அதற்குப் பெண்ணியக் குற்றவியல் தெரிந்திருந்தால் எங்கே தேட வேண்டும் என்பதாவது தெரியும்.